மூடி மாறிய மூன்றாம் பாகம்

அந்த யோசனை என் மண்டையில் உதித்தது ஒரு டிக்கெட் கவுண்டர் வாசலில். சிம்மக்கல் பக்கத்துத் தியேட்டர். எனக்கு முன்னால் நின்றவனுக்கு டிக்கெட்டைக் கொடுத்த அதே கை, என் மூக்கு நுனிக்கு நேராக அந்தக் குட்டி மரக்கதவைச் சாத்தியது. "ஹவுஸ்ஃபுல்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். பின்னால் நின்ற கூட்டம் என்னைத் திட்டியது (நான் என்ன செய்தேன்?). வீட்டுக்குப் போக மனமில்லாமல் இடைவேளை வரை அங்கேயே சுற்றினேன். தியேட்டரின் பக்கவாட்டுப் படிக்கட்டில் ஒரு மனிதர் மூன்று வட்டத் தகர டப்பாக்களை அணைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் டிவிஎஸ் ஃபிஃப்டியை நோக்கி இறங்கிவந்தார்.

படம் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் டப்பா போகுமிடத்துக்கு நானும் போனால்?

எவ்வளவு எளிமை! இப்படியொரு மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் எம்.எஸ்சி. இயற்பியலில் இரண்டாம் வகுப்பு வாங்கினேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்காவிட்டால் என் வாழ்க்கை முடிந்தது. மிகைப்படுத்தவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு டிவி மேல் வங்கித் தேர்வுப் பயிற்சிக்கான விண்ணப்பம் ஒன்று அப்பாவின் கையெழுத்தோடு தயாராக இருந்தது. நான் சினிமா விமர்சகன் ஆகப்போவதாக அறிவித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள உம்பேரு பேப்பர்ல வரட்டும். ஒரு வருஷம் உம்போக்குல விட்டுர்றேன். வரலைன்னா திங்கக்கிழமை கோச்சிங்குக்குக் கெளம்பிரணும்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சிம்மக்கல் சந்து ஒன்றில் வார இதழ் நடத்திவந்த தனபாலன் சாரைத் துரத்தித் துரத்தி ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை படம் பார்த்து, அன்று மாலை ஏழு மணிக்குள் விமர்சனம் கொடுத்தால் ஞாயிறு இதழில் வரும். பிடித்திருந்தால் அந்தப் பக்கம் வாராவாரம் எனக்கே. "நிறை மூணு, குறை மூணு. அம்புட்டுதான். தத்துவம் பேசுனீன்னா வெட்டிருவேன்" என்றார்.

படமும் லேசுப்பட்ட படமா! இரண்டு அமெரிக்கப் போலீஸ்காரர்கள். ஒருவர் பெரியவர், குண்டர், முன்கோபி. இன்னொருவன் இளைஞன், ஒல்லி, ஓட்டைவாய். முதல் பாகத்தை எட்டாம் வகுப்பில் பார்த்தேன், இரண்டாம் பாகத்தைப் பத்தாம் வகுப்பில். இரண்டுமே தமிழ் டப்பிங். வசனம் எழுதிய புண்ணியவான் நம்ம ஊர்ப்பக்கம் போலிருக்கிறது; நியூயார்க் வீதியில் குண்டர் ஒல்லியைப் பார்த்து "மாப்ள, குனி!" என்பார், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வெடிக்கும். அதன்பிறகு எட்டு வருடம் சத்தமே இல்லை. திடீரென்று மூன்றாம் பாகம்! குண்டருக்கு வயதாகியிருந்தது, ஒல்லிக்குத் தொப்பை விழுந்திருந்தது. போஸ்டரில் பார்த்தே எனக்குக் கண் கலங்கியது.

ஆகவே டப்பா மனிதரை நோக்கி ஓடினேன். அவர் பெயர் முத்தண்ணன். விஷயத்தைச் சொன்னார். மதுரைக்கு வந்திருப்பது ஒரே ஒரு பிரதி, ஓட்டுவது இரண்டு தியேட்டர். சிம்மக்கல்லில் முதல் பாதி முடிந்ததும் அந்த மூன்று ரீல்களும் கோச்சடைத் தியேட்டருக்குப் போகும். அங்கே படம் ஆரம்பிக்கும். அங்கே இடைவேளை விடுவதற்குள் மீதி மூன்றும் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஓடுவது முத்தண்ணனின் டிவிஎஸ் ஃபிஃப்டி.

"அண்ணே, நானும் கூட வாரேண்ணே. டப்பாவப் பிடிச்சுக்கிறேன். அங்கிட்டு ஒரு ஓரமா நின்னு படம் பாத்துக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"சூப்பரா ஓட்டுவேண்ணே." (நண்பன் கோபியின் சைக்கிளை.)

"அப்ப ஒண்ணு செய்யி. நாளைக் காலைல உசிலம்பட்டியில என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். மடியில வச்சுக் குத்தணும், நான் இல்லாம ஊசியவே எடுக்க மாட்டாய்ங்க. சீரெல்லாம் வாங்கணும், இப்பவே பஸ் ஏறணும். முதப் பாதிய ரெண்டு பேரும் கொண்டுபோய்க் குடுப்போம். ரெண்டாம் பாதிய நீ மட்டும் வந்து எடுத்துட்டுப் போயிரு. ஒரே ஒரு ட்ரிப்புதான்."

எனக்குக் கிடைத்ததை யோசித்துப் பாருங்கள். படமும் இலவசம், வண்டியும் இலவசம்! அந்த நேரத்தில் தனபாலன் சாரும் அப்பாவும் வங்கித் தேர்வும் வைகையில் அடித்துக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டேன். (வைகையில் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம்.)

கோச்சடையில் முதல் இரண்டு ரீல்களைக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டுப் பார்த்தேன். குண்டர் மூன்று மாடி ஏறி, நான்காம் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். தப்பியோடும் திருடனே பாவம் பார்த்து நின்று, "தண்ணி வேணுமா?" என்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. மூன்றாம் ரீல் தொடங்கும்போது நான் வண்டியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு ரீல் போனால் என்ன, விமர்சகனுக்கு ஊகம் என்று ஒன்று இருக்கிறதே.

சிம்மக்கல் ஆபரேட்டர் மூன்று டப்பாக்களைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு மூடியிலும் சிவப்புப் பெயிண்ட்டில் எண்: 4, 5, 6. ஆறாம் டப்பாவைக் கால்களுக்கு நடுவில் வைத்தேன். நாலையும் ஐந்தையும் பின்னால் கேரியரில் அடுக்கி, சைக்கிள் டியூபால் நானே கட்டினேன். அந்த "நானே" என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை ரோட்டில் மேற்கே பறந்தேன். மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு அது பறத்தல்தான். நானே அந்த ஒல்லி போலீஸ் என்ற நினைப்பு. பின்னால் வில்லன் ஆட்கள் துரத்துகிறார்கள், ஹெலிகாப்டர் வருகிறது, "மாப்ள, குனி!" குனிந்தேன். நிமிர்ந்தபோது ரோட்டின் குறுக்கே ஓர் எருமை.

எருமைகள் அவசரப்படுவதில்லை. ஆற்றிலிருந்து ஏறிவந்து, ரோட்டின் சரியான நடுவில் நின்று, என்னைப் பார்த்து அசைபோட்டது. பிரேக் பிடித்தேன். நான் நின்றேன், வண்டி நின்றது, கேரியர் டப்பாக்கள் நிற்கவில்லை. நிலைமம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் கட்டிய கட்டு! டியூப் அவிழ்ந்து, இரண்டு டப்பாக்களும் என் தோளைத் தாண்டிப் போய் எருமைக்கு முன்னால் தொப்பென்று விழுந்தன. மூடிகள் கழன்றன. ஒன்று அங்கேயே சுற்றிச் சுற்றி விழுந்தது. மற்றது சக்கரம்போல் உருண்டு பஞ்சர் கடைக்குள் போய்விட்டது.

நல்லவேளை, ரீல்கள் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. கீறல்கூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் எருமையைக் கட்டிப்பிடித்திருப்பேன். பஞ்சர் கடைக்காரர் உருண்டுவந்த மூடியை நீட்டி, "படப்பொட்டியா? பாட்டு எத்தன?" என்றார். "இங்கிலீஷ் படம்ணே, பாட்டு இல்ல." "அப்ப எதுக்குய்யா இம்புட்டு வேகம்?"

மூடிகளைச் சட்டையால் துடைத்தேன். எது எதற்கு என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை. மூடி என்றால் மூட வேண்டும், மூடினேன்.

கோச்சடையில் ஆபரேட்டர் பாண்டியண்ணன் கேபினுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். "எங்கய்யா போன? இடைவேள முடிஞ்சு முறுக்கும் தீந்துபோச்சு! சனம் சீட்டக் கிழிக்குது!" டப்பாவைப் பிடுங்கினார். மூடியில் "4" என்று பார்த்தார், திறந்தார், மாட்டினார். விளக்கு அணைந்தது. நான் என் மடக்கு நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு இரண்டாம் பாதியை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இடைவேளை முடிந்ததும் குண்டர் நொண்டிக்கொண்டு வருகிறார். ஏன் என்று தெரியாது. அவருடைய சிவப்புக் கார் அப்பளமாக நொறுங்குகிறது. படகில் வில்லனோடு சண்டை. படகு பற்றி எரிந்து, வில்லன் கருகிச் சாகிறான். குண்டரும் ஒல்லியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். "உன்னையப் போயி சந்தேகப்பட்டேனே மாப்ள!" எப்போது சந்தேகப்பட்டார்? தெரியாது. தியேட்டர் விசிலடித்தது.

அடுத்த ரீல். செத்த வில்லன் குளியல் தொட்டியில் உட்கார்ந்து கத்தியால் ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருக்கிறான்.

 முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்: "டபுள் ஆக்டுடோய்! இவன் தம்பி!"

"அதான!" என்றது தியேட்டர். பிரச்சினை தீர்ந்தது. ரெட்டைப்பிறவிகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதெல்லாம் ஒரு புதிரா? வில்லன் ஆப்பிள் தின்னும் ஒவ்வொரு முறையும், "அண்ணனக் கொன்னவய்ங்களச் சும்மா விடாதடா!" என்று அவனுக்கே ஆதரவுக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுகூட நான் எழுந்து கேபினுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஏனென்றால் நான் அறிவாளி. தம்பி என்ற மலிவான விளக்கத்தை ஒதுக்கித் தள்ளினேன். மை கசியக் கசிய எழுதிக்கொண்டிருந்தேன். சிவப்புக் கார் பளபளவென்று வருகிறது. குண்டர், தானே கொன்ற வில்லனின் போட்டோவைப் பார்த்து, "யார்ரா இவன்?" என்கிறார். கட்டியழுத நண்பர்கள் காரணமே இல்லாமல் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். கடைசியாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குண்டரின் காலில் குண்டு பாய்கிறது. எனக்குப் புல்லரித்தது! காலத்தையே கலைத்துப் போட்டிருக்கிறான் டைரக்டர்!

ஆறாம் ரீல் முடிந்ததும் ரீல்களையும் வண்டியையும் கோச்சடை ஆட்களே திருப்பி அனுப்பினார்கள். நான் டவுன் பஸ் பிடித்து, பஸ்ஸிலேயே எழுதி முடித்து, ஆறரை மணிக்குத் தனபாலன் சாரின் அச்சகச் சந்தில் இறங்கினேன். அங்கே கோபி நின்றான். என் வகுப்புத் தோழன். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. எதையும் பதறாமல், வரிசையாக, முதலில் இருந்து சொல்கிறவன். காலையிலேயே வரிசையில் நின்று சிம்மக்கல்லில் டிக்கெட் வாங்கிவிட்டிருந்தான்.

"படம் சுமார்தான், என்ன மாப்ள? நேரா போகுது, நேரா முடியுது" என்றான்.

"நேராவா? செத்தவன் திரும்பி வர்றது நேரா?"

"யாரு செத்தா?"

"வில்லன்!"

"அவன் படகுல எரிஞ்சதுக்கப்புறம் எங்கடா வந்தான்?"

"குளியல் தொட்டியில!"

"அது அதுக்கு முன்னாடி வருது."

நான் அவன் தோளில் கை போட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "மாப்ள, படத்த எல்லாருந்தான் பாக்குறாய்ங்க. உள்வாங்குறதுதான் கஷ்டம். முன்னாடி, பின்னாடிங்கிறதெல்லாம் சாதாரண ரசிகனோட பார்வை."

கோபி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "நீ சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டான்.

தனபாலன் சார் கட்டுரையை வேகமாகப் படித்தார். "செத்தவன் வர்றானா? நல்லாருக்கே!" என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. என் பெயர்! கொட்டை எழுத்தில்! அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சத்தமாக வாசித்தார்.

"நிறை ஒன்று: மரணத்தை முடிவாகக் கருதாத துணிச்சல். எரிந்து இறந்த வில்லன் அடுத்த காட்சியில் ஆப்பிள் தின்கிறான். காலம் நேர்க்கோடு அல்ல என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. நிறை இரண்டு: நட்பின் உச்சத்திலேயே காரணமற்ற பிரிவு. நிறை மூன்று: நாயகர்கள் தங்கள் வயதை மறைக்கவில்லை, மாடி ஏறி மூச்சு வாங்கும் காட்சி இந்த நட்புக்கு நரைத்த பிறகும் அழகு இருப்பதைக் காட்டுகிறது.

குறை ஒன்று: காலில் சுடப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே நாயகர் நொண்டுகிறார், அனுபவ நடிகருக்கு இந்த அவசரம் கூடாது. குறை இரண்டு: நொறுங்கிய கார் புதிதாக வருகிறது, கவனக்குறைவு. குறை மூன்று: தான் கொன்றவனையே 'யார் இவன்?' என்கிறார். எட்டு ஆண்டுத் தாமதம் இயக்குநரின் மறதியில் தெரிகிறது."

அப்பா இதழை மடித்தார். பயிற்சி விண்ணப்பத்தையும் மடித்து டிராயருக்குள் வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம்.

முத்தண்ணன். ஒரு கையில் காதுகுத்துக் கறிச்சோறு தூக்குவாளி, இன்னொரு கையில் அதே இதழ். சிம்மக்கல்லில் விசாரித்து, கோபியிடம் முகவரி வாங்கி வந்திருக்கிறார். அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மிகவும் அன்பாகக் கேட்டார்.

"தம்பி, வழியில டப்பா எதுவும் விழுந்துச்சா?"

"லேசா விழுந்துச்சுண்ணே. ஒரு எருமை குறுக்க வந்துருச்சு. ஒண்ணும் ஆகல."

"மூடி கழண்டுச்சா?"

"ரெண்டே ரெண்டுதாண்ணே. நானே மூடிட்டேன்."

முத்தண்ணன் தலையை ஆட்டினார். "சிம்மக்கல்லுல சாயங்கால ஆட்டத்துக்கு ரீல் மாட்டயில ஆபரேட்டரு பாத்துருக்காரு. நாலாம் நம்பர் மூடிக்குள்ள அஞ்சாம் ரீலு. அஞ்சாம் நம்பர் மூடிக்குள்ள நாலாம் ரீலு. பாண்டி மூடியப் பாத்துத்தான் மாட்டுவாப்ல. இருவது வருஷமா மூடி மாறுனதில்ல."

என் காதுக்குள் எருமை அசைபோட்டது.

அவர் இதழை விரித்து, விரலை வைத்து, வரிவரியாக இறங்கினார். "கொற ஒண்ணு, காலு நொண்டுறது. இது நீ. கொற ரெண்டு, காரு. இதுவும் நீ. கொற மூணு, மறதி. இது அந்த அமெரிக்காக்காரன் இல்லய்யா, இதுவும் நீதான்." விரல் மேலே ஏறியது. "நெற ஒண்ணும் ரெண்டும்கூட ஒன்னோடதுதான். மாடிப்படில மூச்சு வாங்குறாருல்ல, அது மட்டுந்தான் தம்பி படத்தோடது."

அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிக்கும்போது அவருக்கு விக்கல் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. விக்கலுக்கு நடுவே, "எட்டு வருஷம்... பாடுபட்டு... எடுத்தான்... ஒரு எருமை..." என்றார். அதற்குமேல் முடியவில்லை.

திங்கட்கிழமை தனபாலன் சார் என்னை எதிரில் உட்காரவைத்து மறுப்பு எழுதச் சொன்னார். நானே என் கையால் எழுதினேன்: "சென்ற வார விமர்சனத்தில் படத்தின் குறைகளாகக் குறிப்பிடப்பட்ட மூன்றும் விமர்சகருடையவை." அந்தப் பக்கத்தை அவர் எனக்குத் துணையாக வந்திருந்த கோபிக்குக் கொடுத்துவிட்டார். அவன் முதல் வாரமே அதே படத்துக்கு எழுதினான்: நேராகப் போகிறது, நேராக முடிகிறது. ஒரு பிழைகூட இல்லை. படிக்கும்போது எனக்குத் தூக்கம் வந்தது. (பொறாமைதான். ஒப்புக்கொள்கிறேன்.)

மறுப்பும் என் பெயரோடு வெளிவந்த மறுநாள், கோச்சிங் போகத் தயாராகப் பேனா, பென்சில் எல்லாம் எடுத்துவைத்தேன். அப்பா தடுத்தார். "பேரு வரணும்னு சொன்னேன். விமர்சனத்துல ஒரு தடவ, மறுப்புல ஒரு தடவ, ரெண்டு தடவ வந்துருச்சு. சொன்னா சொன்னதுதான். ஒரு வருஷம்." என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஒரு வருடம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்: கோச்சடைக் கூட்டம் அன்றைக்கு விசிலடித்ததே! இரண்டு மூடி மாறியதற்கு அவர்களே ஒரு தம்பியை உருவாக்கி, அவனுக்காகக் கவலையும் பட்டார்களே! வரிசையை மாற்றினால் கதையே மாறுமா? சென்னைக்குப் போய் ஓர் எடிட்டரின் வாசலில் நின்றேன். "முன் அனுபவம்?" என்றார். "ஒரே ஒரு படம் சார், ஒரே ஒரு ஷோ" என்று எருமையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, உள்ளே வரச் சொன்னார்.

இப்போது அங்கே உதவியாளனாக ஐந்தாம் வருடம். இன்றும் வீட்டுக்குப் போன் செய்து எதையாவது பதற்றத்தில் நடுவிலிருந்து சொல்ல ஆரம்பித்தால், அப்பா மறுமுனையில் நிதானமாக, "மொதல்ல மூடியப் பாருடா" என்பார். அம்மா, சித்தப்பா, என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த புது மாமனார் எல்லாரும் இந்த வசனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஒன்று சொல்லட்டுமா? அந்தப் படத்தை இதுவரை நான் சரியான வரிசையில் பார்த்ததே இல்லை. பார்க்கவும் போவதில்லை. அதன் டிவிடி ஒன்றை வாங்கி, எடிட்டர் இல்லாத ஒரு மதிய நேரத்தில், ஐந்தை முன்னால் தூக்கி, நாலைப் பின்னால் தள்ளி, கோச்சடைப் பிரதியை அப்படியே மறுபடி வெட்டி ஒட்டிவிட்டேன். வருகிற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் போடப்போகிறேன். பாண்டியண்ணனுக்குச் சொல்லியாகிவிட்டது. முன்வரிசையில் "டபுள் ஆக்டு" என்று கத்தியவரை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கோபி நோட்டுப் புத்தகத்தோடு வருகிறான். நிறை மூன்று, குறை மூன்று எழுதித் தருவதாக வாக்கு.

முத்தண்ணனிடமும் போனில் சொன்னேன்.

"வாரேன் தம்பி. ஆனா அந்த சிடி டப்பாவுக்கு மூடி இருக்கும்ல?"

"இருக்கும்ணே."

"அத நீ தொடாத. நான் வந்து மூடிக்கிறேன்."